விருந்தாளிகள் போன பிறகு

ஜனவரியில் குரோஷியாவின் துப்ரோவ்னிக் போகிறவரை முதலில் வரவேற்பது மூடிய கதவுகள். கூப்பிடு தூரத்தில் தெரியும் லோக்ரும் தீவுக்குப் படகு கிடையாது. ஸ்ர்ஜ் மலைக்கு ஏற்றிச்செல்லும் கேபிள் கார் பெரும்பாலும் பராமரிப்பில் இருக்கும். பழைய நகருக்குள் பாதி உணவகங்கள் மேசை நாற்காலிகளைக் கட்டிப்போட்டுவிட்டு வசந்தத்துக்குக் காத்திருக்கும். மலையிலிருந்து இறங்கும் ‘புரா’ காற்று வலுத்தால் விமானமே ஸ்ப்ளிட்டுக்குத் திருப்பிவிடப்படலாம். தெற்கிலிருந்து ‘யூகோ’ அடித்தாலோ மழை, புழுக்கம், காரணமில்லாத எரிச்சல். ஊர் தனிக் குடியரசாக இருந்த நாட்களில் யூகோ வீசும்போது முக்கியமான முடிவு எதையும் எடுக்கமாட்டார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு. அந்தக் காற்றில் ஒரு முழுநாளைக் கழித்தவர் ஆதாரம் கேட்கமாட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் போகிறார்கள்? விசாரித்தால் இரண்டு பதில்கள் வரும். கூட்டம் இல்லாமல் பார்க்கலாம் என்பது ஒன்று. உண்மையான ஊரைப் பார்க்கலாம் என்பது மற்றொன்று.

முதல் பதிலோடு யாருக்கும் சண்டை இருக்காது. 2016 ஆகஸ்டில் ஒரே நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஊரின் கோட்டைச் சுவர்மேல் நடக்கச் சீட்டு வாங்கினார்கள். சுவரின் மொத்தச் சுற்று 1,940 மீட்டர்தான். அதற்குள் ஒரே சமயத்தில் 8,000 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று யுனெஸ்கோ எச்சரித்தது. 2017-ல் மேயரான மாட்டோ ஃப்ராங்கோவிச் அதையும் பாதியாக்கப் பார்த்தார். 2019-ல் கப்பல் நிறுவனங்களோடு பேசி, ஒரு சமயத்தில் இரண்டு சொகுசுக் கப்பல்கள், அவற்றில் 4,000 பயணிகள் என்று வரம்பு கட்டினார்கள். வந்தவர்களில் கணிசமானவர்கள் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் கற்பனைத் தலைநகரத்தைத் தேடி வந்தவர்கள். யேசு சபைப் படிக்கட்டில் ஒரு ராணி அவமானப்பட்டு இறங்கிவரும் காட்சியைத் தாங்களும் நடித்துப் பார்க்காமல் அவர்கள் கப்பல் ஏறுவதில்லை.

குளிர்காலத்தில் அந்தக் கண்களுக்குத் தப்பியவை வெளியே வரும். நகரின் முதுகெலும்பான ஸ்ட்ராடுன் தெருவில் சுமார் முந்நூறு மீட்டருக்குச் சுண்ணாம்புக்கல் பாவியிருக்கிறது. காலடிகள் தேய்த்துத் தேய்த்து, மழை பெய்தால் முகம் தெரியும் அளவுக்கு அது வழுவழுத்துவிட்டது. 1667 ஏப்ரல் 6 அன்று வந்த நிலநடுக்கத்தில் ஊரின் பெரும்பகுதி விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள், ஆட்சித் தலைவர் உட்பட. அதற்குப் பின் இந்தத் தெருவை ஒரே உயரத்தில், ஒரே பாணியில் எழுப்பினார்கள். ஒவ்வொரு வீட்டின் கீழ்த்தளமும் கடை. வாசலும் சாமான் கொடுக்கும் மேடையும் ஒரே வளைவுக்குள் முழங்கால்போல் மடிந்து நிற்கும். கோடையில் அந்த வளைவுகளைக் காந்தப் பொம்மைகளும் ஐஸ்கிரீம் பலகைகளும் மறைத்துவிடும். கடை அடைத்திருக்கும் ஜனவரியில்தான் தெரு தன் வடிவத்தைக் காட்டுகிறது.

சுவர்மேல் ஏறினால் கூரைகளில் இரண்டு நிறம். வெயிலில் வெளுத்த வைக்கோல் நிற ஓடுகள் பழையவை. பளிச்சென்ற செம்மஞ்சள் ஓடுகள் 1991-க்குப் பிந்தியவை. அந்த ஆண்டு அக்டோபரில் யூகோஸ்லாவிய ராணுவம் தொடங்கிய முற்றுகை ஊரின் மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டித்தது. டிசம்பர் 6 அன்று பழைய நகரத்தின்மேல் விழுந்த குண்டுகள்தான் மிக மோசமானவை. பழைய நகரின் 824 கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்தப் போரில் அடி வாங்கியது. புது ஓடுகள்தான் அதிகம் என்பதைக் கண்ணாலேயே எண்ணிவிடலாம். ஆகஸ்டில் பின்னால் வருகிறவர் தோளில் இடித்துக்கொண்டிருப்பார். ஓட்டின் நிறத்தை யோசிக்க நேரமிருக்காது.

இரண்டாவது பதிலில்தான் சிக்கல். உண்மையான ஊர் எங்கே இருக்கிறது? 1991-ல் இந்தச் சுவர்களுக்குள் சுமார் 5,000 பேர் வாழ்ந்தார்கள். இப்போது 1,500 அளவில்தான் இருக்கிறார்கள். மற்றவர்கள் வீட்டை வாடகை அறைகளாக்கிவிட்டோ விற்றுவிட்டோ சுவருக்கு வெளியே லபாட், குரூஜ் பக்கம் போய்விட்டார்கள். அங்கேதான் பள்ளிக்கூடப் பைகளும் மீன் சந்தையும் நெரிசலான பேருந்தும் இருக்கின்றன. பழைய நகரில் மாலை ஏழு மணிக்கு ஒரு சந்துக்குள் நின்று பார்த்தால் மேல் ஜன்னல்கள் இருண்டிருக்கும். உள்ளே யாரும் சீக்கிரம் படுத்துவிடவில்லை. உள்ளே ஆளே இல்லை. அமைதி, அமைதி என்று பயணி சிலிர்ப்பது பெரும்பாலும் காலியான வீடுகளைக் கேட்டுத்தான்.

கோடைக் கூட்டத்தைவிடத் தான் மேல் என்ற எண்ணம் குளிர்காலப் பயணியிடம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அது அவ்வளவு நியாயமில்லை. கப்பலில் வந்தவர் சந்தடி செய்கிறார், தெருவை அடைக்கிறார், மாலையானால் கப்பலுக்குத் திரும்பிவிடுகிறார். ஊருக்குள் ஒரு படுக்கையைக்கூட அவர் எடுத்துக்கொள்வதில்லை. பழைய நகருக்குள்ளேயே இரண்டு வாரம் அறை எடுத்து, காலையில் ‘உள்ளூர்க்காரர்போல’ காப்பி குடிக்கும் ரசனைக்காரர்தான் ஒரு குடும்பம் இருந்திருக்கக்கூடிய வீட்டில் தங்குகிறார். நல்ல மனசோடுதான் தங்குகிறார். ஆனாலும் வீடு ஒன்று குறைந்தது குறைந்ததுதான்.

அப்படியென்றால் குளிர்காலத்தில் ஊர் அங்கே இல்லவே இல்லையா? இருக்கிறது. அதைக் கட்டடங்களில் தேடுவதைவிட நாட்காட்டியில் தேடலாம். ஜூலை 10 தொடங்கி ஆகஸ்ட் 25 வரை நடக்கும் கோடை விழா 1950 முதல் உலகத்தை அழைக்கிறது. ஊர் தனக்கென்று வைத்துக்கொண்ட நாட்கள் பெரும்பாலும் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் இருக்கின்றன. டிசம்பர் 6 அன்று முற்றுகையில் இறந்தவர்களுக்கு மலர் வைக்கிறார்கள். ஸ்போன்சா மாளிகையின் ஓர் அறையில் அவர்கள் முகங்கள் புகைப்படங்களாக இருக்கின்றன. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் முந்திய நாட்களில் ‘கொலெண்டா’ பாடகர்கள் வாழ்த்திப் பாடிக்கொண்டு வீடுவீடாகப் போவார்கள். வீட்டுக்காரர் உலர்ந்த அத்திப்பழமும் இனிப்பும் ஒரு வாய் மதுவும் கொடுக்கவேண்டும். இந்த வழக்கம் நடக்க ஒன்றே ஒன்றுதான் தேவை: தட்டினால் கதவைத் திறக்க உள்ளே ஒருவர். ஆள்தொகைக் கணக்கின் வலி புள்ளிவிவரத்தைவிட இங்கேதான் அதிகம் உறைக்கும்.

பிப்ரவரி 3 ஊர்க் காவலர் புனித பிளாசியுஸின் நாள். உள்ளூரில் ‘ஸ்வெத்தி விளாஹோ’. 972 முதல் கொண்டாடிவருவதாக ஊர் சொல்லும் இந்த விழாவை யுனெஸ்கோ 2009-ல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. முந்திய நாள் தேவாலயத்தின்முன் வெண்புறாக்கள் பறக்கவிடப்படும். மறுநாள் கொனாவ்லே, ஜூப்பா பக்கத்துக் கிராமங்களிலிருந்து கொடிகளோடு மக்கள் வருவார்கள், பழைய காலத்துக் குட்டைத் துப்பாக்கிகள் வெடிக்கும், ‘ஷ்போர்கி மகருலி’ என்ற இறைச்சிக் குழம்பு ஊற்றிய மக்ரோனி வீட்டுக்கு வீடு வேகும். தேவாலயத்துக்குள் இரண்டு மெழுகுத்திரிகளைக் குறுக்காகப் பிடித்துத் தொண்டையில் வைத்து ஆசீர்வதிப்பார்கள். அதே நாளில் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோயில்களிலும் இப்படித் தொண்டையை மந்திரித்துக்கொள்ளும் வழக்கம் இருப்பதால், துப்ரோவ்னிக் கூட்டத்தில் நிற்கும் தமிழருக்கு இது ஒன்றாவது விளங்கிவிடும். மற்றதற்கெல்லாம் அவர் ஓரமாக நிற்கவேண்டியவர்.

அந்த ஓரம்தான் குளிர்காலப் பயணத்தின் சரக்கு. அவருக்காக யாரும் எதையும் நடத்திக் காட்டவில்லை. மொழிபெயர்க்க யாரும் முன்வரவில்லை. ஊர்வலம் போகும்போது ஒரு பாட்டி அவரைத் தள்ளிவிட்டுப் பேரனை முன்னே நிறுத்துவாள். அது அவள் இடம். பணம் கொடுத்து வந்தவருக்குத் தான் முக்கியமில்லை என்ற அனுபவம் எளிதில் கிடைப்பதில்லை. விடுமுறைத் தொழில் முழுவதும் அந்த உணர்வு வந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளத்தான் இயங்குகிறது.

இந்த விழாவின் வேர்க்கதையே வருகிறவர்களைப் பற்றியதுதான். வெனிஸ் கப்பல்கள் தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொள்ள வந்ததாகச் சொல்லி அருகில் நங்கூரமிட்டன. ஊரைப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று ஸ்தோய்கோ என்ற பாதிரியாரின் கனவில் புனிதர் வந்து எச்சரித்தார் என்பது ஐதீகம். யாரை உள்ளே விடுவது, எத்தனை நாள், எந்த நிபந்தனையில் என்பது அன்றிலிருந்து இந்த ஊரின் கேள்வி. 1377-ல், கொள்ளைநோய் உள்ள இடங்களிலிருந்து வருகிறவர்கள் மர்க்கான் தீவிலோ சவ்தாத்திலோ ஒரு மாதம் கழித்த பிறகே உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டார்கள். உலகத்தில் தனிமைப்படுத்தலுக்கென்று வந்த முதல் சட்டங்களில் ஒன்று அது. இரவானால் நகர வாயிலின் சாவிகள் ஆட்சித் தலைவரிடம் ஒப்படைக்கப்படும். அந்தத் தலைவருக்கே பதவி ஒரு மாதம்தான். அரசு அலுவல் தவிர மாளிகையைவிட்டு வெளியே வரக்கூடாது. அவரையும் தவணை போட்டுத்தான் தங்கவைத்தார்கள். அதே குடியரசு, விளாஹோ விழா நாட்களில் மட்டும் நாடுகடத்தப்பட்டவர்களும் கடனாளிகளும் குற்றவாளிகளும்கூடக் கைதாகும் பயமில்லாமல் ஊருக்குள் வந்துபோக விட்டது. ஆண்டு முழுக்க அடைத்த கதவை எப்போது திறப்பது என்பதை ஊரே தீர்மானித்தது.

இன்று அந்தத் தீர்மானம் அவ்வளவு சுலபமில்லை. பழைய நகரில் எஞ்சியிருக்கும் முதியவரின் குளிர்காலத்தை அநேகமாகக் கோடை வாடகைதான் ஓட்டுகிறது. பயணி புகழும் ஜனவரி, பயணி வெறுக்கும் ஆகஸ்டின் காசில் நடப்பது. உருளைப் பெட்டிகள் கல்தெருவில் எழுப்பும் சத்தம் தாங்காமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்படி 2023-ல் நகரம் ஒரு படம் வெளியிட்டுக் கேட்டுக்கொண்டது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதை அபராதம், தடை என்று எழுதிவிட, அப்படியொரு தடையே இல்லை என்று நகராட்சி விளக்கம் சொல்லவேண்டியதாயிற்று. பயமுறுத்தவும் முடியாது, கூப்பிடாமல் இருக்கவும் முடியாது.

கோடையின் சுமையைக் குறைக்க நிபுணர்கள் சொல்லும் மருந்து, கூட்டத்தை ஆண்டு முழுக்கப் பரப்புவது. 2014 முதல் டிசம்பரில் குளிர்கால விழா என்ற பெயரில் ஸ்ட்ராடுனில் விளக்குகளும் கடைகளும் கச்சேரிகளும் வந்துவிட்டன. அறை வைத்திருப்பவருக்கு அது நல்ல செய்தி. மூன்று மாதமாவது தெரு தன் கைக்கு வரும் என்று காத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி இல்லை. சில வீடுகளில் இந்த இரண்டு பேரும் ஒரே ஆள். நகர மன்றம் பழைய நகரில் புதிதாக வாடகை அறை அனுமதி தருவதை 2024-ல் நிறுத்தியது. ஏற்கெனவே அனுமதி வாங்கியவர்கள் தொடர்கிறார்கள். அடுத்த பிப்ரவரிக்கு அவர்களிடம் இப்போதே முன்பதிவு செய்யலாம், விலை ஆகஸ்டைவிட எவ்வளவோ குறைவு.