புல்லா, செடியா?

கிள்ளானில் எங்கள் வீட்டு வேலியோரம், நாள் முழுக்க வெயில் காயும் இடத்தில், ஒரு செண்டுடுக் செடி நிற்கிறது. யாரும் நட்டதில்லை. போன மாதம் புல்வெட்ட வந்த வங்காளதேசத்து இளைஞர் அதனருகே இயந்திரத்தை நிறுத்தி, “இது புல்லா, செடியா?” என்று மலாயில் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அம்மா சொல்லிவிட்டார்: “புல்லுதான் தம்பி, வெட்டு.” நான் செடி என்றேன். அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, அதை மட்டும் விட்டுச் சுற்றிலும் வெட்டினார்.

அம்மா சொன்ன அந்த வேகம்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

செண்டுடுக் இந்த மண்ணின் செடி. உரம் கேட்காது, அலுமினியம் மிகுந்த புளிப்பு மண்ணிலும் தழைக்கும். ஒருநாள் வாழும் ஊதாப் பூவின் நடுவே இருவகை மகரந்தத் தாள்கள்: குட்டையாக மஞ்சளில் ஐந்து, நீண்டு வளைந்து ஊதாவில் ஐந்து. கரிய தச்சுத் தேனீ மஞ்சளைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். மஞ்சள் தாள் உதிர்க்கும் மகரந்தம் அதற்கு உணவு. ஊதாத் தாள் உதிர்ப்பது உடம்பில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகும். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் குவியும் துலுக்கச் சாமந்தியின் பூர்வீகம் மெக்சிகோ. வேலிதோறும் பூக்கும் காகிதப்பூ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அவற்றைப் பார்த்து யாரும் புல்லா என்று கேட்பதில்லை. செண்டுடுக்கோ மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இங்கும் காட்டுப்பூ. ஹவாயில் ஒழிக்க வேண்டிய களை.

அம்மா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்தவர். லாலான் புல்லும் செண்டுடுக்கும் தலைகாட்டாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். முதுகில் பம்பைச் சுமந்து அவர் அடித்த பாராகுவாட்டை மலேசியா 2020இல்தான் முழுதாகத் தடைசெய்தது.

செண்டுடுக்கின் காய் பழுத்து வெடித்தால் உள்ளே கரும் ஊதாச் சதை, லேசான இனிப்பு. தின்றால் நாக்கு கறுத்துவிடும். அந்தக் காலத்தில் வேலை முடிந்து லயத்துக்கு வந்ததும் அம்மா என்னிடம் சொல்லும் முதல் வார்த்தை “நாக்கை நீட்டு” என்பதுதான். கறுத்திருந்தால் முதுகில் அடி விழும். காலையில் எந்த வரிசைக்கு மருந்தடித்தார் என்பது அவருக்குத்தானே தெரியும்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார் என்று பள்ளியில் படித்தது அரைகுறையாக நினைவிருக்கிறது. அது பூப்பறித்துக் குவித்த பெண்களின் பட்டியல். களை ஒழிக்கப் போன பெண்களும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எந்தக் களை எந்த மழைக்கு முளைக்கும், எது வெட்டினாலும் துளிர்க்கும் என்று அம்மா இன்றும் சொல்வார். நாட்டுப்பூ வளர்ப்போம் என்று இன்று ஆசையோடு பேசுகிற எங்களில் எத்தனை பேருக்கு அந்த அறிவு இருக்கிறது?

அந்த வேகம் வெறுப்பா, வேலைப் பழக்கமா, பிள்ளையின் நாக்கைப் பார்த்துப் பயந்த பயமா? கேட்டால், “புல்லைப் புல்லுன்னு சொல்லாம என்னன்னு சொல்றது?” என்கிறார்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருக்கும் தோழி, பால்கனியில் வெயில் நன்றாக விழுகிறதாம், நட்டுவைக்க ஒரு கிளை கேட்கிறாள். வெட்டிக் கொடுக்க எனக்கு ஆசைதான். அம்மாவின் கண் முன்னால் அதை ஒரு பரிசாகக் கொடுக்கலாமா என்பதில்தான் தெளிவில்லை.