சூதின் வருமானமும் பொது நலமும்

 

சூதாட்டம் ஹராம் என்பதை நம்மில் அறியாதவர் ஒருவருமில்லை. மதரஸாவில் அலிஃப், பே ஓதும் பிள்ளையும் அதைச் சொல்லிவிடும். ஆயினும் இக்காலத்தில் ஒரு கேள்வி நல்ல வேஷத்தில் வந்து நிற்கிறது. “ஜனங்கள் எப்படியும் சூதாடத்தான் போகிறார்கள். அதைச் சட்டப்படி நடத்தி, வரும் லாபத்தை ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏழைகளுக்கும் செலவிட்டால் என்ன குற்றம்?” என்பதே அக்கேள்வி. வாடிக்கைக்காரர் கேட்கிறார், நம் பிள்ளைகளும் கேட்கிறார்கள். பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம் சிங்கப்பூருக்கு இது புதிய விஷயமல்ல. கள்ளச் சூதாட்டத்தை அடக்குவதற்கென்று 1968-இல் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவப்பட்டது. 1969-இல் தொடங்கிய ஸ்வீப் சீட்டின் வருமானம், 1973-இல் காலாங்கில் திறக்கப்பட்ட பழைய தேசிய விளையாட்டரங்கைக் கட்ட உதவிற்று. காற்பந்துக் கிளப்புகள் சில, ஜாக்பாட் இயந்திர வருமானத்தையே பெரிதும் நம்பியிருந்தன. 2017-இல் அந்த இயந்திரங்களுக்கான விதிகளைச் சர்க்கார் இறுக்கியது. பெரும் வாதப் பிரதிவாதங்களுக்கிடையே 2005-இல் அனுமதிக்கப்பட்ட இரண்டு சூதாட்டக் கூடங்கள், 2010-இல் செந்தோசாவிலும் மரினா பேயிலும் திறக்கப்பட்டன. உள்நாட்டார் நுழைய நாளொன்றுக்கு 100 வெள்ளி கட்டணம் விதித்தார்கள். 2019-இல் அது 150 வெள்ளியாயிற்று. அப்பணம் டோட்டலிசேட்டர் போர்டு மூலம் பொதுநலக் காரியங்களுக்குச் செல்கிறது.

அதே சமயம், குடும்பத்தாரே மனுச் செய்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் சட்டத்தில் வழி செய்தார்கள். கதவைத் திறந்தவர்களே தாழ்ப்பாளையும் தேடினார்கள் என்றால், உள்ளே இருப்பது இன்னதென்று அவர்களும் அறிந்தேயிருந்தார்கள்.

சகோதரர்களே! இக்கேள்விக்குத் திருமறை முன்னரே பதிலளித்துவிட்டது. ஸூரத்துல் பகராவின் 219-ஆம் வசனத்தைச் சிந்தியுங்கள். மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பலன்கள் உண்டென்பதை அல்லாஹ் மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் பாவம் பலனைவிடப் பெரிதென்று தீர்ப்பளிக்கிறான். அந்தப் பலன் யாது? அறியாமைக் காலத்து அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளைக் குலுக்கிப் பங்கு போடுவார்கள். தோற்றவன் விலை கொடுப்பான். வென்றவன் இறைச்சியைத் தான் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை கொள்வான். இதைத் தப்ஸீர் ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆக, ஏழைக்கு உதவிய சூதைத்தான் அல்லாஹ் முதலில் எடைபோட்டுத் தள்ளினான்! இன்று சொல்லப்படும் நியாயம் அன்றே சொல்லப்பட்ட நியாயந்தான்.

நாம் வியாபாரிகள், கணக்கு அறிந்தவர்கள். நம் கடையில் ஒருவர் பணம் கொடுத்தால் அரிசியோ துணியோ பெற்றுச் செல்கிறார். இருவருக்கும் திருப்தி. அந்த இயந்திரம் எதை நிறுத்துக் கொடுக்கிறது? எதை அளந்து கொடுக்கிறது? போடுகிற பணத்தைவிட மொத்தத்தில் குறைவாகத் திருப்பித் தரும்படியே அதை அமைத்திருக்கிறார்கள். உதாரணத்துக்கு, நூறுக்குத் தொண்ணூறு வீதம் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். அந்தத் தொண்ணூறை மறுபடி போட்டால் எண்பத்தொன்று. அதையும் போட்டால் எழுபத்து மூன்றுகூட மிஞ்சாது. இடையில் ஒருவருக்குப் பெருந்தொகை விழலாம். அது மற்றவர்கள் தோற்ற பணமே. முன்னே தோற்றதற்காக அடுத்த தடவை இயந்திரம் இரக்கம் காட்டுவதுமில்லை.

அப்படியானால் பொதுநலத்துக்கான அந்தப் பணத்தைக் கொடுப்பவர் யார்? எவர் தம்மை அடக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஆடுகிறாரோ அவரே அதிகம் கொடுக்கிறார். சம்பள நாளன்று அங்கே போன பணம், மாதக் கடைசியில் நம் பற்றுவழிப் புத்தகத்தில் அரிசிக் கடனாக ஏறுகிறது. ஒரு வீட்டு அடுப்பை அணைத்து, மற்றொரு வீட்டுக்கு விளக்கேற்றுவது தர்மமாகுமா? அல்லாஹ் தூய்மையானவன், தூய்மையானதையன்றி ஏற்கமாட்டான் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனையல்லவா?

“வேறு வழியில் பணம் எங்கிருந்து வரும்?” என்று கேட்பார்கள். 1975-இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியபோது, முஸ்லிம் தொழிலாளர்கள் மாதம் 50 காசு கொடுத்தார்கள். அந்தச் சில்லறை சேர்ந்துதான் 1977-இல் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளி எழுந்தது. அதன்பின் பேட்டைதோறும் பள்ளிகள் எழுந்தன. கொடுத்த எவர் வீட்டிலும் அதனால் அடுப்பு அணையவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூதைத் தள்ளிய அதே வசனத்தில், எதைச் செலவிடுவது என்ற கேள்விக்கும் அல்லாஹ் பதில் தருகிறான்: தேவைக்குப் போக மிஞ்சியதை! ஒரு வாசலை அடைத்தவன் மறு வாசலைத் திறந்து வைத்திருக்கிறான். ஆகவே சூதுப் பணம் கூடாதென்று சொல்லிவிட்டு நம் கல்லாவைப் பூட்டிக்கொண்டால், நாம் பாதி வசனத்தையே ஓதியவர்களாவோம். ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்போம். ஏழைப் பிள்ளையின் படிப்புக்கும் நோயாளியின் மருந்துக்கும் ஸதகாவால் முந்திக்கொள்வோம். நம் கடைச் சிப்பந்தி ஒருவர் இந்த வலையில் விழுந்தால், வேலையை விட்டு நீக்குமுன் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவோம். அவர் வீட்டுக்குச் சேர வேண்டியது சேர்கிறதா என்று விசாரிப்போம்.

சூதாட வா என்று தோழனை அழைத்தவனும் அவ்வார்த்தைக்காக ஸதகா கொடுக்கட்டும் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அழைப்புக்கே அவ்வளவு என்றால், அதைத் தர்மத்தின் பெயரால் அழைப்பது எவ்வளவு!

வல்ல நாயன் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத்தும் கொடுக்கும் மனமும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.