மாத்திரையும் தாயத்தும்

தாயத்துக் கட்டியவரைக் கண்டால் நாம் சும்மா இருப்பதில்லை. "இந்தக் குப்பிக்குள் இருப்பது என்னவென்று அறிவீரா? அது வேலை செய்ததைக் கண்ணால் கண்டீரா?" என்று கேட்கிறோம். கேட்பது நம் கடமை. ஆனால் அதே கேள்வி திரும்பி நம்மை நோக்கியே வரும் நாளும் உண்டு. காலையும் மாலையும் மாத்திரை விழுங்கும் நம்மைப் பார்த்து, "அதற்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? டாக்டர் சொன்னார், நீ விழுங்குகிறாய். பூசாரி சொன்னார், நான் கட்டிக்கொள்கிறேன். இரண்டும் நம்பிக்கைதானே?" என்று ஒருவர் கேட்டால், நாம் என்ன விடை கூறுவோம்?

பட்டிமன்றத்துக்காகப் புனைந்த கேள்வியன்று இது. நம்மோடு பணியாற்றும் ஆசிரியத் தோழர் ஒருவர், முப்பதை எட்டாதவர், மேடை ஏறினால் மூடநம்பிக்கையைச் சாடுவதில் முன்னணியில் நிற்பவர். சிறு வயதில் அவருக்குத் தொண்டைவலி வந்தது. அதைத் தொடர்ந்து மூட்டுகளை வாட்டிய காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, போகும்போது இதய வால்வு ஒன்றைச் சிதைத்துவிட்டுப் போயிற்று. இன்று அவருடைய இதயம் தாளம் தவறித் துடிக்கிறது. துடிப்பின் வேகத்தை அடக்க ஒரு மாத்திரை, குருதி உறையாதிருக்க ஒரு மாத்திரை. இவை இல்லாமல் நாள் இல்லை. அவருடைய அன்னையார் தாயத்தொன்றைக் கொண்டுவந்து, "கட்டிக்கோ ராசா" என்றார். மகன் மறுத்தார். "நீ முழுங்குறது மட்டும் உள்ளே போயி என்ன செய்யுதுன்னு நீ பாத்தியா?" என்றார் அன்னை. மேடையில் முழங்கும் பேச்சாளர் வாயடைத்து நின்றார்.

அதோடு நின்றிருந்தால் கவலை இல்லை. அந்தக் கேள்வி அவருள்ளத்தில் வேறொரு கேள்வியைக் கிளறிவிட்டது. "மூன்று திங்களாகப் படபடப்பே இல்லை. வாழ்நாள் முழுதும் இந்த மாத்திரைக்கு நான் ஏன் அடிமையாக வேண்டும்? நிறுத்திவிட்டால் என்ன?" என்று நம்மிடம் கேட்டார். விடை பிழையானால் உயிர் பிழைப்பது அரிது. ஆகவேதான் இதை ஏட்டில் எழுதி எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

முதலில் நோயை அறிவோம். இதயத்துக்கு அறைகள் நான்கு: மேலே இரண்டு, கீழே இரண்டு. வலப்புற மேலறையில் சிறு திசுமுடிச்சு ஒன்று உண்டு. 1907 இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இருவர் அதைக் கண்டறிந்து உலகுக்கு உரைத்தனர். தாளம் போடுவது அந்த முடிச்சுதான். நிமிடத்துக்கு ஏறத்தாழ எழுபது முறை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை. வகுப்பில் ஒரு மாணவன் முன்நின்று வாய்பாடு சொல்ல, மற்றவர் பின்தொடர்ந்து சொல்வதைப் போல, முடிச்சு எழுப்பும் மின்துடிப்பை இதயம் முழுதும் பின்பற்றுகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று மருத்துவர் கூறும் இந்த நோயிலோ, முன்நின்று சொல்பவன் குரல் எடுபடுவதில்லை; ஆளுக்கொரு வாய்பாட்டைக் கூவுகின்றனர். மேலறைகள் நிமிடத்துக்கு முந்நூற்றைம்பது முறைக்கும் மேலாக நடுங்குகின்றன. இரைச்சல் உண்டு, பாடம் இல்லை. நடுக்கம் உண்டு, ஓட்டம் இல்லை. ஓடாத குருதி மேலறையின் மூலையில் தேங்குகிறது, தேங்கியது உறைகிறது, உறைந்த கட்டி ஒரு நாள் பெயர்ந்து மூளைக்கு ஏறினால், அதுவே பக்கவாதம். இந்நோய் உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. காய்ச்சலால் வால்வு சுருங்கியவருக்கோ அதனினும் மிகுதி.

இந்நோயின் குணம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். பலருக்கும் தொடக்கத்தில் அது வந்து வந்து போகும். நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், சில மணி நேரத்தில் தானே அடங்கும். அடங்கும் வேளையில் எது செய்யப்பட்டதோ, அதற்கே புகழ்மாலை. திருநீறு பூசினால் திருநீறு தீர்த்தது; மந்திரித்தால் மந்திரம் தீர்த்தது; ஒன்றும் செய்யாமல் உறங்கியிருந்தாலும் தீர்ந்திருக்கும் என்று எவரும் எண்ணுவதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். தானே வந்து தானே போகும் நோயைப்போல் தாயத்து வணிகத்துக்கு ஏற்ற நிலம் வேறில்லை.

இதுவரை தலையசைத்த தோழர்களே, இனி வருவது நமக்கு. "மாத்திரையை விட்டுப் பார்த்தேன், பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை, ஆகவே மாத்திரை தேவையில்லை" என்பவர் செய்வது என்ன? தாயத்துக் கட்டியவர், "கட்டினேன், நலமாக இருக்கிறேன்" என்கிறார். மாத்திரையை விட்டவர், "விட்டேன், நலமாக இருக்கிறேன்" என்கிறார். இருவரும் சாட்சிக்கூண்டில் ஏற்றுவது தம் ஒற்றை வாழ்வின் சில நாட்களை மட்டுமே. துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரையின் வேலையையாவது நெஞ்சு உணரும். குருதி உறையாமல் காக்கும் மாத்திரையின் வேலையை உடல் உணர்வதே இல்லை. வராமற்போன பக்கவாதத்தை யார் கண்டார்? எவருக்கு வராமற்போயிற்று என்று யார் சுட்டிக் காட்டுவார்? கண்ணுக்குத் தெரியாத நன்மையை உணர்ச்சியிடம் கேட்டால் விடை கிடைக்காது. கணக்கிடம்தான் கேட்க வேண்டும்.

அந்தக் கணக்கு எப்படி வந்தது? 1920களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன இனிப்புத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் குருதி நில்லாமல் மாண்டன. 1933 இல் விஸ்கான்சின் உழவர் ஒருவர், உறையாத குருதியைப் பால் பாத்திரத்தில் ஏந்திப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கிருந்த கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாரும் அவருடைய மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்து அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் பிறந்த வார்ஃபரின், 1948 இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954 இல் மனிதர்க்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது. எலியைக் கொன்றது மனிதனைக் காப்பது எவ்வாறு? அளவினால்! பின்னர், தாளம் தவறிய இதயமுடையோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்து தந்தும் மறுபிரிவுக்குத் தராமலும் எண்ணிப் பார்த்தனர். பக்கவாதம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஒருவர் சொன்னார் என்பதற்காக அன்று, எண்ணிப் பார்த்ததற்காக.

ஒற்றை மனிதரின் பட்டறிவுக்கு மதிப்பே இல்லையோ எனின், உண்டு. 1912 இல், கீழை நாடுகளில் வணிகம் செய்த டச்சுக்காரர் ஒருவர் மருத்துவர் வென்கெபாக்கிடம் வந்து, "ஒரு கிராம் கொயினா தின்றால் என் நாடி சீராகிவிடும்" என்றார். மருத்துவர் நம்பவில்லை. மறுநாள் சீரான நாடியோடு வந்து நின்றார் வணிகர். மருத்துவர் அதை ஒதுக்கிவிடவும் இல்லை, உடனே ஓதத் தொடங்கவும் இல்லை, ஆராயத் தொடங்கினார். அதன் வழியே 1918 இல் குவினிடின் என்ற மருந்து இதயத்துக்குப் பயன்படலாயிற்று. ஒருவரின் பட்டறிவு கேள்வியைத் திறக்கும், கேள்வியை முடித்துவைக்காது.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். சான்று இருப்பது மட்டுமா வேறுபாடு? தோற்கத் துணிவதே பெரிய வேறுபாடு. மாரடைப்பிலிருந்து மீண்டவருக்கு இடையிடையே மிகைத்துடிப்புகள் வரும். அவை மிகுந்தவர் மிகுதியாக இறந்தனர். ஆகவே, மிகைத்துடிப்பை அடக்கினால் சாவு குறையும் என்று எண்ணினர். எவ்வளவு அழகான வாதம்! ஃப்ளெக்கெய்னைட், என்கெய்னைட் என்ற மருந்துகள் அத்துடிப்புகளை அடக்கவும் செய்தன. மருத்துவர்கள் மனமுவந்து கொடுத்தனர். பிறகு அமெரிக்காவில் எண்ணிப் பார்த்தனர். முடிவுகள் 1989 இலும் 1991 இலும் வெளியாயின. மருந்து உண்ட 755 பேரில் மாண்டவர் 63. வெறும் போலி மாத்திரை உண்ட 743 பேரில் மாண்டவர் 26. துடிப்பு அடங்கியது, உயிரும் அடங்கியது! மருத்துவ உலகம் என்ன செய்தது? தன் தோல்வியைத் தன் ஏட்டிலேயே அச்சிட்டது. அத்தகைய நோயாளிகளுக்கு அம்மருந்துகளைக் கொடுப்பதைக் கைவிட்டது. ஒன்று கடையைவிட்டே போயிற்று. மற்றொன்று, வேறு இதயக்கோளாறு இல்லாதவருக்கு மட்டும் என வரம்பிடப்பட்டது. எந்த ஊரிலேனும், எந்தக் காலத்திலேனும், "இந்தத் தாயத்து அறுபத்து மூவரைக் காக்கவில்லை, ஆகவே திரும்பப் பெறுகிறோம்" என்று ஓர் அறிக்கை வந்ததுண்டா?

நமக்கும் இதில் பாடம் உண்டு. அழகாக வாதிடுவதே பகுத்தறிவு என்று சிலர் எண்ணுகின்றனர். மிகைத்துடிப்பு பற்றிய வாதமும் அழகானதுதான், அறிவாளிகள் உரைத்ததுதான். எண்ணிப் பார்த்தபோது பொய்த்தது. பழமை என்பதால் ஒன்று மெய்யாகாது என்று நாம் முழங்குகிறோம். புதுமை என்பதாலும் மெய்யாகாது. நம் தோழரைப்போல் காய்ச்சலால் வால்வு கெட்டுத் தாளம் தவறியவர்கள் சுமார் 4,500 பேரைப் பல நாடுகளில் வைத்து ஆராய்ந்து, 2022 இல் முடிவு வெளியிட்டனர். அடிக்கடி குருதிச் சோதனை தேவைப்படாத புதிய மருந்து, பழைய வார்ஃபரின் வகை மருந்துக்கு ஈடுகொடுக்கும் என்று எதிர்பார்த்தனர். வென்றது பழைய மருந்து. எதிர்பார்ப்பு தோற்றது, உண்மை நின்றது. அந்தப் பழைய மருந்தைத்தான் நம் தோழர் நாள்தோறும் விழுங்குகிறார்.

ஆகவே, அன்னையாரின் கேள்விக்கு விடை இது: மாத்திரை உயர்ந்ததாவது அது மாத்திரை என்பதால் அன்று, தோற்றால் அதைக் கைவிட நாம் அணியமாக இருப்பதால். அந்த மனப்பான்மை இல்லாமல் விழுங்கினால், மாத்திரையும் வயிற்றுக்குள் கட்டிய தாயத்தே. விழுங்குபவர் அறிந்து விழுங்க வேண்டும். எதற்காக, எவ்வளவு, எதுவரை என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். குருதி உறையும் அளவைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் தமக்குக் குறித்த வரம்புக்குள், பெரும்பாலோர்க்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில், நிற்கிறதா என்று உரிய நாளில் சோதிக்க வேண்டும். கீரை ஒரு வாரம் மலைபோல், மறுவாரம் இல்லவே இல்லை என்றிராமல் ஒரே அளவாக உண்ண வேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே இம்மருந்தின் வேலையை எதிர்ப்பது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமே வாங்கும் மாத்திரை குருதிக்கசிவை மிகுவிக்கக்கூடும், கேட்டறியாமல் தொடக்கூடாது. நிறுத்த விரும்பினாலும், நிறுத்துவது மருத்துவரோடு பேசி எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். மருந்துக்கு நான்கு கூறு வகுத்த வள்ளுவர், நோயாளியை முதற்கூறாக வைத்தார். மருத்துவரும் மருந்தும் உடனிருப்பவரும் அதன் பின்னரே. விழுங்குபவன் வெறும் வாயல்லன். மருத்துவத்தின் முதல் உறுப்பினன்.

"வாழ்நாள் அடிமைத்தனமா?" என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. கண்ணாடி அணிந்து படிப்பவன் கண்ணாடிக்கு அடிமையா? ஏன் என்று கேட்க முடியாத கட்டுதான் அடிமைத்தளை. கேட்டு, அறிந்து, ஒப்பி ஏற்ற கட்டு ஒழுங்கு. தமிழில் மாத்திரை என்னும் சொல்லுக்கு அளவு என்றும் பொருள்; கண்ணிமைக்கும் பொழுதையும் கைநொடிக்கும் பொழுதையும் எழுத்தின் மாத்திரையாக வைத்தது தொல்காப்பியம். அளவு தவறாத ஓசை செய்யுளுக்கு அடிமைத்தனம் அன்று, உயிர்.

அன்னையாரிடம் மகன் எப்படி நடந்துகொள்வது? கயிற்றை அறுத்தெறிந்து வீரம் காட்டுவதா? அந்தக் கயிற்றில் முடிந்திருப்பது பெரும்பாலும் தெய்வமன்று, மகன் போய்விடுவானோ என்ற அச்சம். அச்சத்தை ஏளனத்தால் அறுக்க முடியாது. "அம்மா, ஒரு குறிப்பேடு வைப்போம், படபடப்பு வந்த நாளும் வராத நாளும் எழுதுவோம், கட்டியபோது எத்தனை, கட்டாதபோது எத்தனை என்று நீங்களே எண்ணுங்கள்" என்று சொல்லலாம். எண்ணத் தொடங்கிய கை, நாளடைவில் கயிற்றைத் தானே தளர்த்தும். ஆனால் மாத்திரைக்கு மாற்றாகத் தாயத்து என்று வருமாயின், அங்கே விட்டுக்கொடுப்பதற்கில்லை. அன்போடு மறுப்போம், மறுப்பதை மறவோம்.

நம் கடமை வீட்டோடு முடியவில்லை. குருதிச் சோதனைக்கு ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்து ஏறி, நகருக்குப் போய்வர வேண்டிய உழைப்பாளியிடம் "அறிவோடு நடந்துகொள்" என்று மட்டும் சொல்வது அறமாகாது. எண்ணிப் பார்க்கும் வசதி எட்டாத இடத்தில்தான் எண்ணாமல் கட்டும் கயிறு எளிதில் விலைபோகிறது. அருகிலேயே சோதனை வேண்டும் என்று கேட்போம், குரல் கொடுப்போம். பள்ளிகளில் பணியாற்றும் நாம் இன்னொன்றும் செய்யலாம். நம் தோழரின் இதயம் தாளம் தவறியது நெஞ்சில் தொடங்கவில்லை, தொண்டையில் தொடங்கியது. கிருமியால் வரும் அந்தத் தொண்டைப்புண்ணை உரிய நேரத்தில் பெனிசிலினால் ஆற்றினால், மூட்டுக்காய்ச்சலைத் தடுக்கலாம். ஒருமுறை அக்காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டு மறுமுறை வராமல் காக்கலாம். காய்ச்சலும் தொண்டைவலியுமாக ஒரு மாணவன் கடைசி இருக்கையில் சுருண்டு கிடந்தால், மந்திரிக்கக் கூட்டிச் செல்லும் முன் மருத்துவரிடம் கூட்டிச் செல்லச் சொல்வோம். தேவைப்பட்டால் நாமே கூட்டிச் செல்வோம். இருபது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைக்கு மாத்திரையும் வேண்டாம், தாயத்தும் வேண்டாம்.