உணவை ஊரிடம் கொடுத்தால் ஊர் யாருக்குக் கொடுக்கும்?

சோத்தைப் பற்றிய முடிவை உள்ளூரிடமே விட்டுவிட வேண்டும் என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். 2015இல் உலகத்தின் பல மாநகரங்கள் மிலான் நகரில் கூடி, உணவு எங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தமே போட்டுக்கொண்டன. விளைகிற இடத்திலேயே சாப்பிடு, மண்ணைக் கெடுக்காதே, நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் மிச்சம் வை என்கிறார்கள். நல்ல பேச்சுதான். நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. ஊர் என்றால் யார்?

நம்ம மொழியிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 'ஊரும் சேரியும்' என்கிறோம். ஊர் என்று சொன்னதுமே சேரி வெளியே போய்விடுகிறது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியல் சட்டத்துக்கு அலகு கிராமம் ஆகாது, தனிமனிதர்தான் அலகு என்று அம்பேத்கர் வாதாடினார். கிராமத்தின் வெளியே நிறுத்தப்பட்டவருக்குத்தானே கிராமம் என்னவென்று தெரியும்!

அதன்பிறகு சட்டம் மாறியது. 1992இல் 73ஆவது திருத்தம் வந்தது. பஞ்சாயத்துகளுக்குக் கொடுக்கலாம் என்று 11ஆவது அட்டவணையில் 29 துறைகள். முதலாவது விவசாயம். சிறுபாசனம், மீன்வளம், தீவனம், 28ஆவதாகப் பொது விநியோகம். அடுப்புக்குப் போகிற பாதை முழுக்க அந்தப் பட்டியலில் இருக்கிறது. தலித்துகளுக்கு இடஒதுக்கீடும் வந்தது. வந்ததும் என்ன நடந்தது? மேலவளவில் தலைவராக வந்த முருகேசனும் இன்னும் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 2006 வரை, பத்து வருஷம், ஒழுங்காக ஒரு தேர்தல் நடத்த விடவில்லை. வெறும் நாற்காலிக்கா இவ்வளவு வெறி? கண்மாயில் மீன்பாசி ஏலம், புளியமரத்துக் குத்தகை, புறம்போக்கு யார் அனுபவிப்பது என்பதெல்லாம் அந்த நாற்காலியைச் சுற்றித்தான் இருக்கிறது.

விளைச்சல் இருக்கட்டும், சமையலுக்கு வருவோம். 2018 ஜூலையில் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் பெண் சமைத்த சத்துணவை எங்க பிள்ளைங்க சாப்பிடாது என்று ஊர் திரண்டது. வட்டார வளர்ச்சி அலுவலர் என்ன செய்தார்? சமைத்த பெண்ணையே இடம் மாற்றினார். போராட்டம் கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. பக்கத்தில் இருக்கிற அரசாங்கம் முதலில் ஊருக்குத்தான் பயப்படுகிறது.

தூரத்து அரசாங்கம் என்ன கொடுத்தது? அரிசி கொடுத்தது. 2011 ஜூன் முதல் மாதம் 20 கிலோ, காசில்லாமல். 'ரேஷன் அரிசி வந்த பிறகு கூலிக்கு ஆள் வரமாட்டேங்குது' என்று ஊரில் புலம்புகிறானே, அந்தப் புலம்பல்தான் அந்த அரிசிக்கு நற்சான்று. அடுத்த வேளை உலை கொதிக்க அவன் களத்து ஓரத்தில் கைகட்டி நிற்கிற அவசியம் குறைஞ்சுபோச்சு. இதைப் பார்க்காமல், தீட்டின அரிசி உடம்புக்கு ஆகாது, கம்புக்கும் கேழ்வரகுக்கும் திரும்புங்கள் என்று நமக்குப் புத்தி சொல்கிறார்கள். 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா.வே அறிவித்தது. நாம் கூழ் குடித்தபோது கேலி, அதே தானியம் பாக்கெட்டில் ஏறினால் ஆரோக்கியம்! இருக்கட்டும். கம்பு விதைக்க நிலம் எங்கே? 1892இல் அரசாணை போட்டு ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று கொடுத்த பஞ்சமி நிலம் எங்கே? காரணை நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவன் தானியத்தைப் பற்றிப் பாடம் நடத்துவது எந்த நியாயம்?

அப்படியானால் உள்ளாட்சியே வேண்டாமா? வேண்டும். ரேஷன் அரிசி நம் பசியை ஆற்றியது, ஆனால் அது இன்னொருவர் அளந்து போடுகிற சோறு. அளக்கிற கை நாளைக்கு நிறுத்தலாம். நிலமும் தண்ணியும் கையில் இருக்கிறவனுக்குத்தான் சோறு உரிமை. அந்த நிலமும் தண்ணியும் கோட்டையில் இல்லை, நம்ம ஊர் எல்லைக்குள்ளதான் கிடக்கு. ஆகவே மேலே இருக்கிற அரசாங்கம், 'அதிகாரத்தைக் கீழே கொடுத்துட்டோம்' என்று கைகழுவ முடியாது. பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடுப்பதும், சமைக்கிற பெண்ணையும் தலைவரையும் காப்பதும் அதன் கடமை. பொதுவை உண்மையிலேயே பொதுவாக்குவது பஞ்சாயத்தின் கடமை. ஒன்று இன்னொன்றுக்குப் பதிலாகாது.

நிலைத்த உணவு என்கிறார்கள். இந்த மண்ணில் எத்தனையோ விதைகள் அழிந்தன, ஏரிகள் தூர்ந்தன. சாதி மட்டும் நிலைச்சு நிக்குது. மண் கெடாமல் மனுசன் கெட்டுக் கிடந்தால் அந்த நிலைப்பு யாருக்கு? அடுத்த கிராம சபையில் மூன்று கேளுங்கள். பஞ்சமி, புறம்போக்குக் கணக்கைச் சபையில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். மீன்பாசியில் சேரிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் யார் சமைப்பது என்று கேளுங்கள். வருகிற பதிலில் தெரிந்துவிடும், அந்த ஊரில் நாம் இருக்கிறோமா இல்லையா என்று.