இஷ்டப்பட்டுத்தானே செய்கிறான்?



2023 ஏப்ரல் 21-ல் நம் சட்டசபை ஒரு தொழிற்சாலைச் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது. ஆனால் ஒரே நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். இஷ்டப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று மந்திரிமார் விளக்கினார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி சரியாக நூறாண்டு ஆன மே 1 அன்று, வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார்.

"நாலு நாள் வேலை, மூணு நாள் ஊர்ல இருக்கலாமே பாஸ்டர்!" பொத்தேரியில் அறை எடுத்துத் தங்கி, மறைமலைநகருக்கு ஷிப்டு போகிற ஒரு தம்பி அப்போது என்னிடம் சொன்னான். அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் அவன் காண்ட்ராக்ட் ஆள். நாளைக்கு வராதே என்றால் அவ்வளவுதான். அவன் சொல்லும் "சரி சார்" எந்த வகைச் சம்மதம்?

உபாகமம் 5-ம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளையைக் கவனியுங்கள். வேலைக்காரனிடம் 'உனக்கு இஷ்டமா' என்று அங்கே கேட்கவே இல்லை. எஜமானுக்குத்தான் கட்டளை. இஸ்ரவேலர் எகிப்தில் அடிமையாயிருந்ததும் அதோடு சேர்த்தே நினைப்பூட்டப்படுகிறது. முடியாது என்று சொல்ல அடிமைக்கு ஏது வாய்?

நம் சபைகளிலும் சூப்பர்வைசர்கள், லேபர் காண்ட்ராக்டர்கள் இருக்கிறீர்கள். "இன்னைக்கு ஓ.டி. வேணாம் சார்" என்று போன மாதம் உங்களிடம் எத்தனை பேர் சொன்னார்கள்? சொன்னவன் இன்னும் வேலையில் இருக்கிறானா?