கொல்லை எக்கணக்கில் சேரும்?

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தின் வரம்புமீறலைக் கூறுமிடத்துத் தத்துவார்த்த சூத்திரம் முதற்கண் வைப்பது நிலத்தையும் வீட்டையுமே. பொன்னும் தானியமும் அவற்றின் பின்னரே வருகின்றன. சிப்காட் தொழிற்பூங்கா அமைந்த பிள்ளைப்பாக்கத்தைக் காணும்போது இவ்வரிசை நமக்கு நன்கு விளங்குகின்றது.

ஒரு வீடே போதும் என விரதம் கொண்ட இல்லறத்தார் ஒருவர் அங்கே பழைய மாடியில்லா வீடொன்றை வாங்குகின்றார் எனக் கொள்வோம். வீடு சிறிது, கொல்லையோ பெரிது. கிணறு, வேம்பு, இரண்டு தென்னை. பத்திரத்தில் யாவும் ஒரே சொத்து. விரதத்தில் அக்கொல்லை வீட்டுக்கணக்கா, நிலக்கணக்கா?

12ஆம் நூற்றாண்டினரான ஹேமசந்திரரின் யோக சாஸ்திர உரை (சுவேதாம்பர நூலெனினும் நாமும் கேட்கத்தக்கதே) இதற்கு அண்மையான தந்திரம் ஒன்றைச் சுட்டுகின்றது: அடுத்த வீட்டை வாங்கி, இடைச்சுவரை இடித்து, இரண்டையும் ஒன்றென எண்ணுதல். எண் மீறவில்லை, விரதமோ பழுதுற்றது.

வாழைக்கும் கீரைக்கும் கொல்லையை விடுவார்க்கு அது வீட்டின் பகுதி என்போம். விலை ஏறட்டும் எனப் பூட்டி வைப்பார்க்கும், வாடகை அறைகளை வரிசையாய் எழுப்புவார்க்கும் அது நிலமே. அறை கட்டுதல் தீதன்று. 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதியை 2024இல் வல்லம் வடகாலில் அரசே திறந்தது. ஆயினும் கணக்கில் எழுதுதல் வேண்டும்.

மகன் பெயரில் பதிந்தால் கணக்கில் வாராதன்றோ எனச் சிலர் வினவுவர். வரம்பை மிஞ்சிய பொருளை விரதகாலம் முடியும்வரை பிறரிடம் கொடுத்துவைப்பதையும் அவ்வுரை குற்றமாகவே எண்ணுகின்றது.