யார் சொன்னால் நம்புவது?

2007 ஏப்ரல் 28-இல் நடந்த ஈஜோக் இடைத்தேர்தல் நம் கோல சிலாங்கூர்த் தோட்ட மக்கள் பலருக்கு நினைவிருக்கும். நாளேடுகளில் சாலை, மேம்பாடு பற்றிய செய்திகள். வலைப்பதிவுகளில் வாக்காளர் பட்டியலைப் பற்றிய குற்றச்சாட்டுகள். தேசிய முன்னணியின் பார்த்திபன் வென்றார். அவரிடம் தோற்ற காலிட் இப்ராஹிம் 2008 மார்ச் 8-இல் அதே தொகுதியில் வென்று மந்திரி பெசார் ஆனார்.

"பேப்பர்ல வர்றது பொய், வலைப்பதிவுதான் உண்மை" என்று அப்போது பலர் பேசினார்கள். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளேடுகள் அன்று ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பயம் எழுத்தில் தெரிந்தது. வலைப்பதிவருக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் தவறினால் திருத்த ஓர் ஆசிரியரும் இல்லை. பயமில்லாமல் சொன்னால் மட்டும் அது உண்மையாகிடுமா?

தம்பி தங்கைகளே, மூன்றாவது சார்பு ஒன்று உண்டு. அது நம்ம மனசு. பிடிக்காத கட்சி மேல் பழி வந்தால் உடனே நம்புகிறோம். பிடித்த கட்சி மேல் வந்தால் ஆதாரம் கேட்கிறோம். ரெண்டுக்கும் ஒரே தராசு வேண்டாமா? சொன்னவரைப் பார்க்காமல், சொன்னதில் உள்ள மெய்யைத் தேடச் சொன்னவர் வள்ளுவர்.

விசாரிக்காமல் நாலு பேரிடம் நாம் சொன்ன பழி பொய்யானால், அந்தப் பாவத்தில் நமக்கும் பங்குண்டு. அதே நாலு பேரிடம் திரும்பிப் போய், "நான் சொன்னது தப்பு" என்று சொல்வோமா? அந்தத் துணிவும் வாய்மைதான்.